நள்ளிரவில் மாறும் வாகன விலை: எல்கடுவயில் வாங்குபவரின் தயக்கம்

மாத்தளை நகரிலிருந்து எல்கடுவவுக்கு ஏறும் வழி நெடுக வளைவுகளும் தேயிலைத் தோட்டங்களும்தான். இங்கே வாகனம் ஆடம்பரப் பொருளல்ல. நடுச்சாமத்தில் பிரசவ வலி எடுத்தால் லயத்திலிருந்து வைத்தியசாலைக்குப் போக ஓட்டோ வேண்டும், இல்லையேல் யாருடையதாவது வான். ஆனாலும் வாகனம் வாங்க நினைப்பவர் இயந்திரத்தைவிட அடுத்த வர்த்தமானியை எண்ணியே அதிகம் பயப்படுகிறார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. போர் முடிந்து ஒரு வருடத்தில், 2010 ஜூனில், வாகன இறக்குமதி வரி பெருமளவு குறைக்கப்பட்டது. ஏ9 பாதை திறந்து, வடக்கிலும் லீசிங் கம்பனிகள் கிளை பரப்பிய காலம் அது. 2012 மார்ச் இறுதியில் வரி மீண்டும் ஏறியது. 2018 ஓகஸ்ட் 1 முதல் 1000 சிசிக்குக் குறைந்த சிறிய கார்களின் வரி கூட்டப்பட்டது. முதல் நாள் பணம் கட்டியவர் தப்பினார், மறுநாள் போனவர் அகப்பட்டார். 2020 மார்ச்சில் இறக்குமதியே நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஐந்தாண்டுகளில் பாவித்த வாகனத்தின் விலை ஏறியது. வயது கூடக்கூட விலையும் கூடும் விசித்திரத்தை நாம் கண்டோம்.

ஓட்டோக்காரரின் நிலை இன்னும் இறுக்கம். 2017 தொடக்கத்தில் மத்திய வங்கி, முச்சக்கர வண்டியின் பெறுமதியில் 25 வீதத்துக்கு மட்டுமே கடன் கொடுக்கலாம் என்றது. மிச்சம் கைக்காசு. தோட்டத்து நாட்சம்பளத்தில் அதைச் சேர்ப்பது எவ்வளவு காலப் பாடு என்பதை, 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2022இல் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு ஆரம்பத்தில் கிடைத்தது கிழமைக்கு 5 லீற்றர். இந்த மலையில் அது எத்தனை ஓட்டத்துக்குக் காணும்?

அரசு மட்டுமல்ல, உற்பத்தியாளரும் இதையே செய்கிறார். 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் திடீரென விலையைக் குறைத்தது. சில நாட்களுக்கு முன் வாங்கியவர்கள் விற்பனை நிலையங்களில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டில் மாருதி, நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ஆல்டோ 800 காரின் உற்பத்தியை இந்தியாவில் நிறுத்தியது. ஓடுகிற கார் அதனால் நின்றுவிடாது என்றாலும், விற்கப்போகும்போது இதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார்கள்.

மின்சாரக் காரில் இன்னொரு சிக்கல். முதல் தலைமுறை நிசான் லீஃபின் பற்றரிக்குத் தனியான குளிரூட்டல் இல்லை. வெப்ப நாட்டில் அதன் கொள்ளளவு விரைவாகக் குறையும், மலை ஏறும்போது சார்ஜும் வேகமாக இறங்கும். ஆகவே பாவித்த லீஃப் வாங்குபவர் மைல் கணக்கோடு நிற்காமல், பற்றரியின் மீதக் கொள்ளளவை கருவி போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். கொழும்பின் தட்டை வீதியில் ஓட்டிப் பார்த்தால் போதாது. எல்கடுவ போன்ற ஏற்றத்தில் ஒருமுறை, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஓட்டிப் பார்க்கவேண்டும்.