போபால்: டாக்டருக்கும் சொல்லாத ரகசியம்

 

பூச்சிமருந்து குடித்த ஒருவரை எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வந்தால், நாங்க கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "டப்பா கொண்டு வந்தீங்களா?" சும்மா கேட்பதில்லைங்க. உள்ளே போனது ஆர்கனோபாஸ்பரஸ் வகை என்றால் அட்ரோபின் போடணும். பாராகுவாட் என்றால் கதையே வேற. அதுக்கு மாற்று மருந்து கிடையாது, ஆக்சிஜனைக்கூட யோசித்துத்தான் கொடுக்கணும். லேபிளில் இருக்கும் ஒரு வரிதான் அடுத்த ஒரு மணி நேரத்தைத் தீர்மானிக்கும்.

ஒரு ஊருக்கே விஷம் ஏறி, டப்பா மட்டும் யார் கையிலும் இல்லை என்றால்?

1984 டிசம்பர் 2 இரவு, விடிந்தால் 3. போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் ஒரு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது மெத்தில் ஐசோசயனேட், சுருக்கமா எம்.ஐ.சி. 39 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். தண்ணீர் பட்டால் தானாகவே சூடேறும். சுமார் 40 டன் வாயுவாகி, தூங்கிக்கொண்டிருந்த குடிசைகள் மேல் இறங்கியது.

ஹமீதியா மருத்துவமனை வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். கண் திறக்க முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை, நுரையீரலில் நீர் கோர்த்திருந்தது. என்ன வாயு, உடம்பில் என்ன செய்யும், எதைக் கொடுக்கலாம் என்று டாக்டர்களுக்குத் தெரியாது. ஆலைத் தரப்பில் இருந்து கிடைத்த பதில், இது கண்ணீர்ப்புகை மாதிரி எரிச்சல்தான் தரும், தண்ணீரில் கழுவினால் போதும் என்கிற ரீதியில் இருந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே பிணங்களை எண்ணினார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. எம்.ஐ.சி என்கிற பெயர் ஒன்றும் பரம ரகசியம் கிடையாது. வேதியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த மூலக்கூறுதான். அது மனுஷ உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதுதான் மூடியே கிடந்தது. 1964-ல் ஜெர்மனியில் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. அதைத் தாண்டிப் பொதுவெளியில் பெரிதாக ஒன்றும் இல்லை. கார்பைடு தன் செலவில் மெலன் நிறுவனத்தில் செய்ய வைத்த ஆய்வுகள் கம்பெனி அலமாரிக்குள் இருந்தன.

அதன் விலை சில நாட்களிலேயே தெரிந்தது. காந்தி மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவத் துறைத் தலைவர் ஹீரேஷ் சந்திரா, பிரேதப் பரிசோதனைகளில் ரத்தம் செர்ரிப் பழ நிறத்தில் இருப்பதைப் பார்த்தார். சயனைடு விஷத்தை நினைவூட்டும் நிறம் அது. சயனைடு என்றால் சோடியம் தயோசல்பேட் ஊசி உண்டு. அது சயனைடை தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீர் வழியா வெளியேற்றிவிடும். சயனைடு என்று சந்தேகம் இருந்தால் இதைக் கொடுங்கள் என்று கம்பெனியின் அமெரிக்கத் தரப்பிலிருந்தே ஆரம்பத்தில் தகவல் வந்தது. பிறகு அதே தரப்பு பின்வாங்கியது. டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சோதித்துப் பார்த்து, அந்த ஊசியைப் பரிந்துரைக்க 1985 வந்துவிட்டது. அந்த ஊசியால் எவ்வளவு பேர் பிழைத்திருப்பார்கள் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தச் சண்டையே நடந்திருக்கத் தேவையில்லை, முழுத் தகவலும் முதல் நாளே மேஜைக்கு வந்திருந்தால்.

உடனடிச் சாவு என்று அரசு முதலில் சொன்ன கணக்கு 2,259. பிறகு 3,787. பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

"கம்பெனிக்கும் ரகசியம் வேணும்ல டாக்டர்?" வேணும்தான். பல வருஷம் காசு கொட்டிக் கண்டுபிடித்ததைப் பக்கத்துக் கடைக்காரன் சும்மா அள்ளிட்டுப் போகக்கூடாது. உங்க வீட்டு சாம்பார் பொடியில் எது எத்தனை பங்கு என்று நீங்க ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனா அதில் வேர்க்கடலை இருந்து, சாப்பிட்ட விருந்தாளிக்கு மூச்சு அடைத்தால், சொல்லித்தான் ஆகணும். செய்முறை வேற, ஆபத்து வேற.

இந்த வித்தியாசத்தை அமெரிக்கா சட்டமாக எழுத இன்னொரு விபத்து வேண்டியிருந்தது. மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிடியூட் என்று ஓர் ஊர் (ஊர் பேரே அதுதான்). அங்கேயும் கார்பைடு ஆலை, அங்கேயும் எம்.ஐ.சி தயாரிப்பு. 1985 ஆகஸ்ட் 11 அன்று அங்கே வேறொரு ரசாயனம் கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போபால் ஏதோ தூர தேசத்து விஷயம் என்று அதன் பிறகு சொல்ல முடியவில்லை.

1986-ல் வந்த சட்டம் இப்படிச் சொன்னது: ரகசியம் என்று காரணம் காட்டி ரசாயனத்தின் துல்லியமான பெயரை மறைக்கலாம், ஆனால் அது எந்த வகை என்று சொல்லியாகணும். அவசர சிகிச்சைக்காக டாக்டரோ நர்ஸோ கேட்டால் அந்தத் துல்லியமான பெயரையும் உடனே கொடுக்கணும். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவதெல்லாம் பிறகுதான். முதலில் உயிர், அப்புறம் காகிதம். எனக்கு மிகவும் பிடித்த சட்ட வரி இது.

நம்ம நாட்டில் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41பி பிரிவு சேர்ந்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர் அதன் உடல்நலக் கேடுகளைத் தொழிலாளர்களுக்கு மட்டுமில்லை, உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்கணும். விபத்து நடந்தால் என்ன செய்யணும் என்பதையும்தான். உங்க தெருவுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் ஆலை இருந்தால், யாராவது வந்து சொன்னார்களா?

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சா? 2014 ஜனவரி 9. இன்ஸ்டிடியூட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், அதே பள்ளத்தாக்கில் சார்ல்ஸ்டன் நகரம். நிலக்கரி கழுவப் பயன்படும் ஒரு ரசாயனம் தொட்டியிலிருந்து ஆற்றில் கலந்து, சுமார் 3 லட்சம் பேரின் குழாய்த் தண்ணீர் நின்றது. குழாயைத் திறந்தால் அதிமதுர வாசனை. சில நாள் கழித்துத் தடையை விலக்கத் தொடங்கினார்கள். ஆனால் கர்ப்பிணிகள் மட்டும் பாட்டில் தண்ணீரே குடிக்கலாம் என்று மறுபடி ஓர் அறிவிப்பு வந்தது, ஏனென்றால் அந்த ரசாயனத்தைப் பற்றிய தரவு அவ்வளவு குறைவு. அதே தொட்டியில் இரண்டாவதாக ஒரு ரசாயனமும் இருந்தது என்று கம்பெனி சொன்னது ஜனவரி 21-ல். 12 நாள் கழித்து. அது என்னவென்று சொல்ல வேண்டிய தாளில், சரியான அடையாளம் தொழில் ரகசியம் என்று எழுதியிருந்தது.