இரண்டு பக்கக் கட்டுரை

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பயம் உண்டு. எழுதியதை ஒருவரும் படிக்கமாட்டார்களோ என்பதல்ல. படித்துவிட்டு, மடித்து வைத்து, மறந்துபோவார்களே என்பதுதான். அந்தப் பயம் வரும்போதெல்லாம் எனக்கு ஆட்டோ ஸ்ட்ரூவ் என்ற வான சாஸ்திரியின் ஞாபகம் வருகிறது.

1897-ல் கார்க்கவ் நகரில் பிறந்தவர். தகப்பனார், பாட்டனார், கொள்ளுப் பாட்டனார் எல்லாரும் வானத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள். ருஷ்ய உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற கட்சியில் நின்று, துருக்கியில் அகதியாகத் திண்டாடி, 1921-ல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்.

1952-ல் 'அப்ஸர்வேட்டரி' என்ற பத்திரிகையில் இரண்டே பக்கம் எழுதினார். நம்முடைய வியாழனுக்குச் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷம் ஆகிறது. அதைப் போன்ற ஒரு ராட்சஸக் கிரகம் வேறு ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாற்போல் இருந்து, ஒரே நாளில் சுற்றி வந்தால் என்ன? அது இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் தள்ளாடுமே; அதை அளக்கலாமே! அதுவே நட்சத்திரத்துக்கும் நமக்கும் குறுக்கே வந்தால் ஒரு சின்னக் கிரகணம்; வெளிச்சத்தில் ஐம்பதில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கும் போட்டார்.

ஒருவரும் தேடவில்லை. அந்த நாளையக் கருவிகளுக்கு நுட்பம் போதாது என்பது பாதி நியாயம். மீதிப் பாதி வேறு. நம் சூரியனின் வீட்டில் சின்னவர்கள் அடுப்பங்கரையிலும் பெரியவர்கள் வாசல் திண்ணையிலும் இருக்கிறார்கள். ஊரார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று பெரிய படிப்புப் படித்தவர்களே தீர்மானம் செய்துவிட்டார்கள்! கானடாவில் ஒரு கோஷ்டி 21 நட்சத்திரங்களைப் பன்னிரண்டு வருஷம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ராட்சஸக் கிரகம் எதுவும் அகப்படவில்லை என்று 1995-ல் அறிவித்தது. பாவம், அதே வருஷம் அக்டோபரில் ஜினீவாவைச் சேர்ந்த மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் '51 பெகாஸி' என்ற நட்சத்திரத்தின் அருகில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கானடாக்காரர்களின் ஜாபிதாவில் அந்த நட்சத்திரம் இல்லை. கிரகம் ஒரு சுற்று வர நாலேகால் நாள்கூட ஆகவில்லை. ஸ்ட்ரூவ் இறந்து 32 வருஷம் ஆகியிருந்தது.

ஆனாலும் அது தள்ளாட்டம்தானே? கிரகந்தான் என்று நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாயை அடைத்தது கிரகணம். எச்.டி. 209458 என்ற நட்சத்திரமும் அப்படித் தள்ளாடுவது தெரிந்திருந்தது. 1999 செப்டம்பரில் டேவிட் ஷார்பனோ என்ற ஹார்வர்ட் மாணவர், கொலராடோவில் வெறும் பத்து சென்டிமீட்டர் டெலஸ்கோப்பை அதன் பக்கம் திருப்பினார். 9-ந் தேதி இரவு வெளிச்சம் நூற்றில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. 16-ந் தேதி மறுபடியும். மூன்றரை நாள் சுற்று இரண்டு முடிந்து, கிரகம் தவணை தவறாமல் குறுக்கே வந்துவிட்டது. நவம்பரில் கிரெகரி ஹென்றி என்பவர் தனியாகப் பார்த்து இதையே சொன்னார்.

மறைத்த வெளிச்சத்திலிருந்து கிரகத்தின் பருமன் தெரிந்தது. தள்ளாட்டத்திலிருந்து அதன் எடை. வியாழனைவிடப் பெரிசு, ஆனால் எடை மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீரைவிட லேசான ராட்சஸன்! 2001-ல் ஹப்பிள் டெலஸ்கோப் மூலம், கிரகத்தின் காற்றில் புகுந்து வந்த ஒளியில் சோடியம் இருப்பதையும் கண்டுகொண்டார்கள்.

கிரகணம் தெரிந்த பிறகுதான் ஒருவருக்கு யோசனை தோன்றி, ஐரோப்பியர்களின் ஹிப்பார்க்கஸ் விண்கலம் 1989 முதல் 1993 வரை எடுத்த அளவுகளைப் புரட்டினார்கள். அதே நட்சத்திரம், அதே கிரகணம். அச்சாகி அலமாரியில் இருந்திருக்கிறது.