பட்டா உங்களுக்கு, பாதாளம் எங்களுக்கு

தூத்துக்குடி மாவட்டத்தில், கொற்கைக்கு வடக்கே, ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் தண்ணீரை நம்பி வாழை போடுகிற ஊர்கள் பொட்டல்காடும் குலையன்கரிசலும். 2019, 2020-ல் இந்தியன் ஆயில் நிறுவனம் எரிவாயுக் குழாயோடு வந்தபோது இந்த ஊர்க்காரர்கள் மறித்தார்கள். குழாயே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. விளைநிலத்தை விட்டு வேறு பாதையில் கொண்டுபோகச் சொன்னார்கள். அவர்களுக்கு எதிரே நின்றது 1962-ல் பிறந்த ஒரு சட்டம்.

அசாமின் நாகர்காட்டியாவிலும் குஜராத்தின் அங்கலேஷ்வரிலும் எண்ணெய் கிடைத்து, பொதுத்துறை சுத்திகரிப்பு ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கச்சா எண்ணெயை ஆலைக்குக் கொண்டுபோகக் குழாய் வேண்டும்; குழாய் போக நிலம் வேண்டும். கையில் இருந்தது 1894-ம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம். அதன்படி போனால் காலமும் அதிகம், காசும் அதிகம். குழாய் மண்ணுக்கு அடியில்தானே கிடக்கப்போகிறது, நிலத்தை விலைக்கு வாங்குவானேன், பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாதா என்று டெல்லியில் யோசித்தார்கள். மசோதாவின் நோக்க உரையிலேயே இந்தக் காரணம் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. பெட்ரோலியக் குழாய்கள் சட்டம் இப்படிப் பிறந்தது. 1977-ல் கனிமக் குழாய்களையும் இதில் சேர்த்தார்கள்.

படித்தால் சாதுவான சட்டம்தான். அரசிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம், அதிகாரி விசாரிப்பார். அதன் பிறகு உரிமை அரசுக்கோ நிறுவனத்துக்கோ போய்விடும். பட்டாவில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், உழலாம், விதைக்கலாம். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, குளம் தோண்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பயிர்ச் சேதத்துக்குத் தனியாகப் பணம் உண்டு. உரிமைக்கான ஈடு, சந்தை மதிப்பில் பத்து சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுரமான ஓர் ஏக்கரின் நடுவே 20 மீட்டர் அகலப் பட்டை போனால் சுமார் 31 சென்ட் அடிபடும். ஏக்கர் பத்து லட்சம் என்று வைத்தால் அந்த 31 சென்டின் மதிப்பு மூன்று லட்சத்துப் பத்தாயிரம். கைக்கு வருவது முப்பத்தோராயிரம். இருபுறமும் துண்டாகிப்போன மீதி நிலத்தை யார் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்பது சட்டத்தின் கவலை இல்லை.

மண்ணுக்கு அடியில் இருப்பது சம்சாரிக்குத் தேவைப்படாது என்று நினைத்ததுதான் இந்தச் சட்டத்தின் ஆணிவேர்க் கோளாறு என்பேன். கொற்கையில் 1968–69-ல் தொல்லியல் துறை தோண்டியபோது சங்கும் சிப்பியும் மட்டுமா வந்தன? உறைகிணறும் வந்தது. முத்து வணிகம் நடந்த காலத்திலேயே இங்கே வாழ்ந்தவன் தண்ணீர் தேடி மண்ணுக்குக் கீழேதான் போயிருக்கிறான். வடகாலில் தண்ணீர் வராத வருஷத்தில் இன்றைய வாழைக்காரருக்கும் வேறு போக்கு கிடையாது.

கொங்குப் பக்கம் இதே சட்டம் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாயோடு வந்தது: ஏழு மாவட்டங்கள், 310 கிலோமீட்டர். 2013-ல் ஜெயலலிதா அரசு விவசாயிகள் பக்கம் நின்று, நெடுஞ்சாலை ஓரமாகப் போடச் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது; 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயிலுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு மாநில அரசே தடுத்தும் நிற்காத சட்டம் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

குழாயை மறித்தும் தடுக்க முடியாதவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டேண்டிங் ராக் சூ பழங்குடியினர் தங்கள் குடிநீர் ஏரியான ஓவாஹிக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகக் கூடாது என்று 2016-ல் முகாமிட்டார்கள். அவர்களால் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட 1851-ம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்ட முடிந்தது. அப்படியும் 2017 ஜூன் மாதத் தொடக்கத்தில் எண்ணெய் ஓடத் தொடங்கிவிட்டது. அதே ஜூன் 30-ந்தேதி தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் எண்ணெய் பரவியது. திரண்ட ஊர்க்காரர்கள் மீது தடியடி, பேராசிரியர் த.செயராமன் உள்ளிட்ட பத்துப் பேர் கைது. நம்மவர்களிடம் காட்ட உடன்படிக்கை ஏது? பட்டாவும் சிட்டாவும்தான்.

2021 பிப்ரவரி 17-ந்தேதி, இந்தியன் ஆயிலின் 143 கிலோமீட்டர் நீள ராமநாதபுரம்–தூத்துக்குடி குழாயைப் பிரதமர் காணொலி வழியாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலைக்கு எரிவாயு போயிற்று. உரமும் விவசாயிக்குத்தானே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த உரத்துக்கான விலையை முப்பத்தொரு சென்ட்காரர் ஏன் தனியாகக் கட்ட வேண்டும் என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

இடையில், 2013-ல், நிலமெடுப்புக்குப் புதுச் சட்டம் வந்தது. சமூகத் தாக்க ஆய்வு, தனியாருக்காக எடுத்தால் நிலக்காரர்களின் ஒப்புதல் என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் நான்காவது அட்டவணையில் விலக்குப் பெற்ற 13 சட்டங்களின் பட்டியல் இருக்கிறது. 1962-ம் ஆண்டுக் குழாய்ச் சட்டமும் அதில் ஒன்று. பொட்டல்காட்டுக்குக் கிடைத்தது பழைய 21 நாள்தான்.