துப்பாக்கிக் கட்டையில் ரிசீவரை இருத்துதல்

ரைஃபிளின் ரிசீவரும் (போல்ட் இயங்கும் உலோக உடல்) குழலும் மரக்கட்டைக்குள் அசையாமல், கழற்றி மாட்டினாலும் பழைய இடத்திலேயே உட்காரும்படி செய்வதைப் ‘பெட்டிங்’ என்பார்கள். போட்டிச் சுடுநர்களின் நுணுக்கம் என்றே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. இந்திய வரலாறோ இதை மரத்தைக் காப்பாற்றும் வேலையாகவே காட்டுகிறது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் உருவான .303 லீ-என்ஃபீல்டில் முன்கட்டை தனி, பின்கட்டை தனி. சுடும்போது எழும் உதையை முன்கட்டையின் பின்முனையில் உள்ள இரண்டு சிறு மரப்பரப்புகளே வாங்கிக்கொள்ளும். அவை நசுங்கினால் ரிசீவர் பின்னுக்கு நகரும், கட்டை பிளக்கும், குண்டுகள் சிதறி விழும்.

உதை மட்டுமல்ல, தட்பவெப்பமும் மரத்தைக் கெடுக்கும். எடுத்துக்காட்டாக, சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, குறுக்கே சுருங்கி விரியும். அதனால் சுடாமல் சுவரில் மாட்டிய துப்பாக்கியும் குறி தப்பும். இத்தகைய தட்பவெப்பத்திலும் உதையிலும் கட்டை பிளக்காதிருக்கவே இஷாப்பூர்க்காரர்கள் மேகஸினுக்கு முன்னால் முன்கட்டையைக் குறுக்கே துளைத்து ஒரு திருகைப் பூட்டினார்கள். இன்றும் சேகரிப்பாளர்கள் அதை ‘இஷாப்பூர் திருகு’ என்றே அழைக்கிறார்கள். மென்மையான மரத்துக்கு மாறிய ஆஸ்திரேலியர்கள் உதை வாங்கும் அந்த மரப்பரப்புகளில் செப்புத் தகடு பதித்தார்கள். திருப்பதி வட்டாரத்து மாமண்டூர்க் காட்டில் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு; அதில் உதையைத் தாங்குவது பின்கட்டை.

துல்லியத்தைத் தீர்மானிப்பது குழலும் தோட்டாவுமே, கட்டையல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. பாதி உண்மை. நல்ல குழலும் ஒரு பக்கம் மரம் அழுத்தினால் வேறு திசையில் அதிரும். 1962 போருக்குப் பின் வந்த 7.62 மி.மீ. 2ஏ1 ரைஃபிளுக்கு இஷாப்பூர் வலுவான எஃகைத் தேர்ந்தெடுத்தது. குறுக்குத் திருகை மட்டும் எடுக்கவில்லை. எஃகு மாறினாலும் உதை மரத்தின்மேல்தானே விழுகிறது!

உள்ளூர்ச் செம்மரத்தில் கட்டை செய்தால் என்ன என்று கேட்கலாம். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் அது. ஜப்பானிய ஷாமிசென் வாத்தியத்துக்குப் பொருந்தும், தோளில் சுமந்து நடப்பவனுக்குப் பொருந்தாது. மரத்தை மாற்றாமல் அதன் பரப்பை மட்டும் மாற்றும் வழி 1950களின் இறுதியில் அமெரிக்கப் போட்டி ரைஃபிள்களில் பரவியது: உட்பக்கத்தைச் சுரண்டி, பசை ஒட்டாதிருக்க எஃகின்மேல் மெழுகு பூசி, எப்பாக்சியும் கண்ணாடி இழையும் கலந்த பசையில் ரிசீவரை அழுத்தி இறுகவிடுவார்கள். கழற்றினால் ரிசீவரின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். ஆனால் ஈரம் உறிஞ்சும் மரம் அந்தப் பூச்சுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அலுமினியத் தூண்களும் பின்னர் முழு அலுமினியச் சட்டகமும் வந்தது அதனால்தான்.