குதிரையின் தோலும் விற்பவன் நாவும்

குதிரை வாங்கப் போகிறவன் முதலில் பல்லைப் பார்ப்பான். பின்பு காலைப் பார்ப்பான். நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்ப்பான். தோலைப் பார்ப்பது பெரும்பாலும் கடைசியிலேதான். அதுவும் கழுத்தையும் முதுகையும் சேணமும் பட்டுத்துணியும் மூடாதிருந்தால் மட்டுமே இயலும். சந்தைக்கு வரும் குதிரை அலங்கரிக்கப்பட்டே வருவது உலக வழக்கம். அவ்வலங்காரம் அழகுக்காக இடப்பட்டதா, மறைப்பதற்காக இடப்பட்டதா என்பது விற்பவனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

இந்த இரகசியத்தைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவர முதன்முதலில் முறையாக முயன்றவர்களுள் உரோமர் முக்கியமானவர்கள். அவர்களுடைய நகரிலே சந்தைகளை மேற்பார்வை செய்வதற்கென ‘ஈடில்’ எனப்பட்ட அதிகாரிகள் இருந்தனர். பதவி ஏற்கும்போது தாம் எவ்விதிகளின்படி நியாயம் வழங்குவோம் என்பதை அவர்கள் ஊரறிய அறிவிப்பது வழக்கம். அவ்வறிவிப்புகளில் ஒன்று அடிமைகளின் விற்பனையைப் பற்றியது; அதையடுத்தது சுமைவிலங்குகளின் விற்பனையைப் பற்றியது. மனிதரையும் கழுதையையும் ஒரே பட்டியலில் வைத்த அக்காலத்தின் கொடுமையை இங்கு மறந்துவிடலாகாது. எனினும் அவ்விதியின் உட்பொருள் கூர்ந்து நோக்கத் தக்கது. குதிரை முதலியவற்றை விற்பவர் அவற்றிலுள்ள நோயையும் குறையையும் வெளிப்படையாகவும் சரியாகவும் கூறவேண்டும். கூறாது விற்றால், வாங்கியவன் ஆறு மாதத்துக்குள் விலங்கைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள், குறைக்கேற்ப விலையைக் குறைக்கும்படி வழக்காடலாம். அலங்கரித்துக் காட்டிய விலங்கை அவ்வலங்காரத்தோடேயே ஒப்படைக்க வேண்டுமென்றும் விதித்தார்கள். சோடியாக விற்ற விலங்குகளில் ஒன்று நோயுடையதாயின் இரண்டையுமே திருப்பவேண்டும். பழகிய சோடியைப் பிரிப்பது இருதரப்பாருக்கும் நட்டம் என்பது அவர்கள் கண்ட நியாயம். சந்தையில் நெடுங்காலம் நின்று பழகியவர்களன்றி வேறெவரும் இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் செய்திருக்க முடியாது.

விற்றவன், “எனக்கே தெரியாது” என்று சொன்னாலும் இவ்விதியிலிருந்து தப்ப முடியாது. தெரியாமையின் நட்டத்தையும் அவனே ஏற்கவேண்டும். ஆயினும் ஒரு வாயிலில் மட்டும் அவன் வெளியேறலாம். குறையை அவன் முன்னரே சொல்லியிருந்தால், அல்லது குருட்டுக் கண்ணைப்போல அது எவர்க்கும் தெளிவாகத் தெரிந்திருந்தால், வாங்கியவன் பின்னர் முறையிட இடமில்லை.

ஆகவே, “இக்குதிரைக்குச் சொறி உண்டு” என்று விற்பவன் வாய்திறந்து சொன்ன கணத்திலே சட்டம் விலகிக்கொள்கிறது. அதன்பின் முடிவு வாங்குவோனுடையது. விலை குறைவு, குதிரையோ வாலிபப் பருவத்தது, கால் நன்று, மூச்சு நன்று. தோலில் மட்டும் மயிருதிர்ந்த திட்டுகள். வாங்கலாமா?

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்து, வேளாண்மை பற்றிப் பன்னிரண்டு பாகங்கொண்ட நூலெழுதிய கொலுமெல்லா இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகிறார். ஸ்பானிய நாட்டுக் காடிசு நகரிலே பிறந்தவர் அவர். பண்ணைகளைத் தாமே நடத்தியவர். குதிரைக்கு வரும் சொறியை அவர் சிறு நோயாக எண்ணவில்லை. விரைந்து மருந்திடாவிட்டால் உயிரையே கொள்ளும் என்கிறார். தொடக்க நிலையிலாயின் கடும் வெயிலில் நிறுத்தி எண்ணெய் வகைகளைப் பூசவேண்டும். கடல்நாயின் கொழுப்பு சிறந்தது. முற்றிவிட்டதாயின் கந்தகம், நிலக்கீல் போன்ற கடுமையான பொருள்கள் தேவை. நோயின் பெயரைவிட அதன் வயது முக்கியம் என்பது அவர் கூற்றிலிருந்து பெறப்படும் பாடம்.

உரோமருக்குத் தெரியாத ஒன்று இன்று நமக்குத் தெரியும். சொறிக்குக் காரணம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுண்ணி. மனிதரின் சொறிசிரங்கிலே அவ்வுண்ணி உண்டென்பதை, 1834ஆம் ஆண்டில் பாரிசு நகரிலே, கோர்சிக்கா தீவைச் சேர்ந்த ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர் ஊசிமுனையால் எடுத்துக்காட்டி ஐயம் தீர்த்தார். குதிரையின் தோலில் தோன்றும் எல்லாத் திட்டும் ஒன்றல்ல. சிறு கொசுவினப் பூச்சிகள் கடிப்பதால், சில குதிரைகளின் பிடரியும் வாலடியும் ஆண்டுதோறும் வெப்பகாலத்தில் அரிப்பெடுத்துப் புண்ணாகும். அது தீராத தொல்லையே எனினும் பக்கத்துக் குதிரைக்குத் தொற்றாது. படர்தாமரை தொற்றும், குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவோனையும் பற்றும், ஆனால் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். உண்ணியாலாகிய சொறியோ சேணம், தூரிகை, போர்வை, லாயத்தின் மரத்தூண் என்று எல்லாவற்றின் வழியாகவும் பரவக்கூடியது. முதலாவதை வாங்குவோன் ஒரு குதிரையின் துன்பத்தை வாங்குகிறான். கடைசியானதை வாங்குவோன் தன் லாயம் முழுவதையும் பணயம் வைக்கிறான். எவ்வளவு விலை குறைத்தாலும் இந்த இரண்டாவது கணக்குச் சரியாகாது.

உரோமச் சட்டவல்லுநர் இக்கணக்கையும் அறிந்திருந்தனர் என்பது வியப்புக்குரியது. இரண்டாம் நூற்றாண்டினரான யூலியானின் கருத்தொன்றை உல்பியான் எடுத்தாண்டிருக்கிறார். யுஸ்தினியான் பேரரசர் 533ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலே அது இடம்பெற்றுள்ளது. நோயுற்ற கால்நடையை அறியாமல் விற்றவன், அதன் குறையை வாங்கியவன் அறிந்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்திருப்பானோ அவ்வளவு பணத்துக்கு மட்டுமே பொறுப்பாளி. அறிந்தும் வாய் மூடியிருந்து ஏமாற்றியவனோ, அந்நோய் தொற்றி வாங்கியவனுடைய மற்றைக் கால்நடைகள் மடிந்த நட்டத்தையும் ஈடுசெய்யவேண்டும். ஒரே விலங்கு, ஒரே நோய். விற்றவன் அறிந்திருந்தானா என்பதைப் பொறுத்து ஈட்டின் அளவு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது.

இதற்கு முன்பே, கி.மு. 44இல் சிசரோ தாம் எழுதிய கடமைகள் பற்றிய நூலில், தன் பொருளின் குறையை விற்பவன் எவ்வளவு தூரம் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது குறித்து இரு ஞானிகள் கொண்ட மாறுபாட்டை விரிவாக ஆராய்கிறார். சட்டம் கேட்குமளவு சொன்னாற் போதும் என்பது ஒருவர் கட்சி. வாங்குவோன் அறியாத எதையும் மறைத்தலாகாது என்பது மற்றவர் கட்சி. சிசரோ பின்னவர் பக்கமே சாய்கிறார். குதிரைத் தரகர் பலர் முன்னவர் பக்கமே நிற்பர் என்பதிற் சந்தேகமில்லை.

இத்தகைய பாதுகாப்பு இல்லாத சந்தை எவ்வாறிருக்கும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டியர் பாரசீகக் குடாவிலிருந்தும் அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் பெருந்தொகையான குதிரைகளை வாங்கினர். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், குதிரையொன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும், வழியிற் கடலில் இறந்தவற்றுக்கும் அரச பண்டாரத்திலிருந்தே விலை கொடுக்கப்பட்டது என்றும் குறித்துள்ளார். இறந்த குதிரைக்கும் விலை கிடைக்குமாயின், நோயுற்ற குதிரையைக் கப்பலேற்ற எந்த வணிகன் தயங்குவான்? அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அரசன் வாங்கும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். குதிரை வைத்தியரும் இலாடமடிப்போரும் இந்நாட்டில் இல்லாமையே காரணமென்றும், அத்தகையோர் இங்கு வராதபடி வணிகர்கள் தடுத்துவிடுகின்றனர் என்றும் அவர் கூறுவர். எண்ணிக்கைகளிலே பயணியின் மிகை கலந்திருக்கலாம். ஆனால் அந்த வணிகத்தின் அமைப்புத் தெளிவு: நட்டம் முழுவதும் வாங்குவோன் தலையில், நோயைப் பற்றிய அறிவு முழுவதும் விற்போன் கையில்.

பிற்காலத்திற் படைகள் பெற்ற அனுபவமும் இதனையொத்ததே. முதலாம் உலகப் போரிலே, பிரான்சில் நின்ற பிரித்தானியப் படையின் குதிரைகளிடையே சொறி பெருந்தொல்லையாயிற்று. கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசல் நிரம்பிய தொட்டிகளிலே குதிரைகளை இறக்கி நீந்தவிட்டனர். கொலுமெல்லா சொன்ன கந்தகம் ஏறக்குறைய ஆயிரத்தொன்பது நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்பட்டது. நோயைக் கண்டுபிடிக்க எளிதாகுமென்று மயிரைக் கத்தரித்தபோது, போர்வையற்ற குதிரைகள் கடுங்குளிருக்கு இரையாயின. சொறியின் விலையிலே இவ்வகை இழப்பையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

உரோமரின் சந்தை விதி உரோமோடு அழியவில்லை. ஒல்லாந்து நாட்டு நீதிமன்றங்கள் அதைத் தம் சட்டத்தோடு கலந்துகொண்டன. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோகான்னசு வூட், 1698இலும் 1704இலும் இரு பாகங்களாக வெளியிட்ட பேருரையில் அதனை விரிவாக விளக்கினார். அந்த உரோம-ஒல்லாந்தச் சட்டம் ஒல்லாந்தரின் கப்பல்களோடு இலங்கைக் கரையோரத்துக்கும் வந்துசேர்ந்தது. நெடுந்தீவிலே போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் குதிரைகள் வளர்க்கப்பட்டன. லாயங்களின் இடிபாடுகளும், உரிமையாளரின்றித் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளும் இன்றும் அதற்குச் சான்று. 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றிய பின்னரும், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் பழைய சட்டத்தையே நிலைநிறுத்தினர்.

விற்பனைத் துறையில் மாற்றம் வந்தது 1896ஆம் ஆண்டிலே. அவ்வாண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தில் 1893இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பின்பற்றியது. ஆங்கிலேயரின் மரபு, வாங்குவோனே விழித்திருக்க வேண்டுமென்பது. குதிரை நோயற்றது என்று விற்பவன் உறுதிமொழி கொடுத்தால் அது அவனைக் கட்டும். ஆனால் கண்ணுக்கு நேரே தெரியும் குறையைப் பொதுவான உறுதிமொழி தழுவாது. பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்கியவன், அச்சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறையைச் சொல்லிப் பின்னர் முறையிடவும் முடியாது. தோலிலுள்ள திட்டு அத்தகைய குறைகளில் ஒன்று. சேணத்தை இறக்கச் சொல்லி, பிடரி மயிரை விலக்கி, வாலடியைத் தூக்கிப் பார்க்கும் வேலை அன்றுமுதல் இந்நாட்டிலும் வாங்குவோன் பொறுப்பாயிற்று.