மிளகாய் பஜ்ஜியும் ஒரு திருத்தமும்

நேற்று அமிர்தியில் நல்ல மழை. வீட்டிலேயே மிளகாய் பஜ்ஜி போட்டோம். பேத்தி கேட்டாள்: "பானிபூரி வெளியூர்த் தீனின்னு திட்டுறீங்களே தாத்தா, பஜ்ஜி மட்டும் நம்மளுதா?"

விழித்தேன்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகைத் தேடி. அவர் பின்னால் வந்த போர்ச்சுகீசியர்தாம் அமெரிக்க மிளகாயை இங்கே கொண்டுவந்தார்கள். அதுவரை நம் காரம் மிளகுதான். புதியதன் பெயருக்குள்ளும் மிளகு ஒட்டிக்கொண்டது. பொரிக்கிற எண்ணெய்க்கான வேர்க்கடலையும் தென்னமெரிக்காவில் பிறந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தான் பக்கத்துச் சரக்கு. மாவுக்கான கொண்டைக்கடலை மட்டும் ஹரப்பா காலத்திலேயே இந்தியாவில் விளைந்தது.

மிளகாய் நம் மண்ணின் ஆதிப் பயிர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேனே, நினைவிருக்கிறதா? அது என் தவறு. அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்று சாயங்காலம் பானிபூரி. ரசத்துக்கு மிளகு இடிப்பது நான்.