வரம்பில் இன்பம்

வயலில் நீர் நிற்பதற்காக உயர்த்திக் கட்டும் மண்மேட்டுக்கு வரம்பு என்று பெயர். பேச்சில் அது வரப்பு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களின் நடைபாதையும் அதுதான். அதே சொல் எல்லை, அளவு, ஒழுங்கு என்றும் பொருள் தருகிறது.

வரம்பு இல்லாமை புகழா, பழியா? யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் வரும் எண்குணத்துக்கு உரை சொல்லும் பரிமேலழகர், சைவ ஆகமம் கூறும் எட்டுக் குணங்களை அடுக்குகிறார். முதலாவது தன்வயத்தனாதல், கடைசி வரம்பில் இன்பமுடைமை. யாருக்கும் கட்டுப்படாமல் இருப்பதும் எல்லையில்லாத இன்பம் உடையவனாக இருப்பதும் இறைவனின் குணங்கள். இவ்விரண்டையும் ஒரு பெண்ணுக்குப் பொருத்திப் பாருங்கள். நம் ஊரில் அவள் 'வரம்பு மீறியவள்'. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

நடத்தைக்கு மட்டுமல்ல, சொத்துக்கும் இந்த வரம்பு உண்டு. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அது அவள் ஆயுள்வரை அனுபவிக்கும் வரம்புள்ள உரிமை. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான் பெண்ணை முழு உரிமையாளர் என்றது. அப்போதும் உயிலிலோ தானப்பத்திரத்திலோ எழுதிவைக்கும் வரம்புக்கு அதே பிரிவு இடம் விட்டுவைத்தது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்ற தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் வந்தது 1989-இல். அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை.

என் அம்மா அந்தப் பெண்களில் ஒருவர். 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வரம்பையும் நீக்கியபோது, மாமாக்களுக்குள் பாகப்பிரிவினை பதிவாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிந்துபோன பிரிவினைகளைப் புதிய சட்டம் தொடவில்லை. இரண்டு சட்டங்களும் அம்மாவைத் தாண்டிப் போயின.

வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரப்பில்லாத வயலில் நீர் நிற்காது. ஆனால் வரப்பை எவ்வளவு உயர்த்துவது, மடையை எப்போது திறப்பது என்று முடிவு செய்பவர் நிலத்துக்கு உரியவர்தான். வரப்பில் நடந்துபோகிறவளிடம் யாரும் கேட்பதில்லை.

அம்மாச்சி கடைசிவரை அதை "எங்க வயலு" என்றுதான் சொன்னார். ஐம்பது வருஷம் அதில் நடவு நட்டவர். கிஸ்தி ரசீது முதலில் தாத்தா பெயரில் வந்தது, பிறகு மாமாக்கள் பெயரில்.